கென்னடி கொலை ஆய்வு ஆவணங்களின் பாதுகாப்பு

கென்னடி கொலை ஆய்வு ஆவணங்களின் பாதுகாப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் 35 ஆவது குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி 1963 ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டது தொடர்பான அரசு ஆவணங்கள், சான்றுப்பொருட்கள், தனிநபர் ஆய்வாளர்களின் குறிப்புகள், கடிதங்கள், ஒலி மற்றும் ஒளிப்பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி, வகைப்படுத்தி, அழியாமல் காத்து, பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் தரும் பணியாகும். இக்கொலையின் பின்னணியில் சதி இருந்ததா என்னும் கேள்வியில் இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. எந்த முடிவை ஏற்பவராயினும் அதற்கான சான்றுகளைத் தாமே பார்த்து எடைபோட வேண்டும் என்பதால், இப்பாதுகாப்புப் பணி வரலாற்றியலில் தனி இடம் பெறுகிறது. ஐக்கிய அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள இது தொடர்பான தொகுப்பு 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது.

பின்னணி

1963 நவம்பர் 22 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில், டீலி பிளாசா என்னுமிடத்தில் திறந்த ஊர்தியில் சென்றுகொண்டிருந்த கென்னடி சுடப்பட்டு இறந்தார். அன்றே கைது செய்யப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட், இரண்டு நாட்களின் பின் காவல்துறையின் பிடியில் இருந்தபோதே ஜாக் ரூபி என்பவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இதனால் நீதிமன்ற விசாரணை நடைபெறவில்லை. வழக்கு நடந்திருப்பின் சான்றுகள் இரு தரப்பாலும் குறுக்கு விசாரணை செய்யப்பட்டு, ஒழுங்கான நீதிமன்றப் பதிவாக நிலைத்திருக்கும். அவ்வாறு நிகழாமையால், பல்வேறு விசாரணைக் குழுக்களின் தாள்களே அதன் இடத்தைப் பிடித்தன.

குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1963 நவம்பர் 29 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தார. 1964 செப்டம்பரில் அளிக்கப்பட்ட 888 பக்க அறிக்கை, ஆஸ்வால்ட் தனியாகவே செயற்பட்டார் என முடிவு கூறியது. 1976 முதல் 1979 வரை இயங்கிய கீழவையின் படுகொலைகள் தொடர்பான சிறப்புக் குழு, ஆஸ்வால்ட் சுட்டதை ஏற்றுக்கொண்ட போதிலும், கென்னடி ஒரு சதியின் விளைவாகக் கொல்லப்பட்டிருக்கலாம் என முடிவு செய்தது. இவ்விரு அரசு விசாரணைகளின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதே, மூல ஆவணங்களின் மீது மக்கள் கொண்ட ஆர்வம் தணியாமைக்கு முதன்மையான காரணமாகும்.

வாரன் ஆணையத்தின் பதிவுகள்

வாரன் ஆணையம் தன் அறிக்கையைத் தொடர்ந்து 1964 நவம்பரில் 26 தொகுதிகளை வெளியிட்டது. இவற்றுள் முதல் 15 தொகுதிகள் சாட்சியங்களையும், எஞ்சிய 11 தொகுதிகள் சான்றுப்பொருட்களையும் கொண்டவை. 552 சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆணையத்தால் பெறப்பட்டன. எனினும், இத்தொகுதிகளுக்குப் பொருள்வாரியான அடைவு எதுவும் இணைக்கப்படவில்லை. ஒரு குறிப்பிட்ட செய்தியைத் தேடுபவர் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. இத்தொகுதிகளில் அச்சிடப்படாத 1,500-க்கும் மேற்பட்ட ஆணைய ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு அனுப்பப்பட்டன. அக்கால வழக்கப்படி, இத்தகைய விசாரணைத் தாள்கள் 75 ஆண்டுகள், அதாவது 2039 வரை மூடி வைக்கப்படவேண்டியவை. பின்வந்த மீளாய்வுகளாலும் சட்டங்களாலும் இக்கால வரையறை பொருளிழந்தது.

தனிநபர் ஆய்வாளர்களின் பங்கு

அரசுத் தாள்களை ஒழுங்குபடுத்திப் பயன்படத்தக்கதாக ஆக்கியவர்களுள் பலர் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். வேறு தொழில் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் இப்பணியில் ஈடுபட்ட பொதுமக்களே ஆவர்.

சில்வியா மேகர் - நியூயார்க்கில் உலக சுகாதார அமைப்பில் பணியாற்றியவர். 26 தொகுதிகளையும் முழுமையாகப் படித்து, அவற்றுக்கான பொருளடைவு ஒன்றைத் தனியொருவராகத் தொகுத்து 1966 இல் நூலாக வெளியிட்டார். ஆணையம் செய்யாமல் விட்ட பணி இது. 1980 இல் சிறப்புக் குழுவின் தொகுதிகளையும் உள்ளடக்கிய விரிவான அடைவு ஒன்றை மற்றொருவருடன் இணைந்து வெளியிட்டார். வாரன் அறிக்கையைக் கடுமையாக மறுத்தவர் எனினும், இவரது அடைவை அறிக்கையை ஆதரித்தவர்களும் பயன்படுத்தினர். 1989 இல் இறந்தார்.

ஹெரால்டு வைஸ்பெர்க் - முன்னர் செனட் குழு ஒன்றின் புலனாய்வாளராக இருந்து, பின் மேரிலாந்து மாநிலத்தில் கோழிப்பண்ணை நடத்தியவர். வாரன் அறிக்கையை விமர்சித்து 1965 இல் இவர் எழுதிய நூலை வெளியிடப் பதிப்பகங்கள் முன்வராமையால் தாமே அச்சிட்டு வெளியிட்டார். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ்ப் பல வழக்குகளைத் தொடுத்து, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பக்க அரசு ஆவணங்களைப் பெற்றார். குண்டுத் துண்டுகளின் நிறமாலைப் பகுப்பாய்வு முடிவுகளைக் கேட்டு இவர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும், 1974 இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, புலனாய்வுக் கோப்புகளையும் கேட்டுப் பெறும் உரிமையை விரிவாக்கியபோது, இவ்வழக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது. தம் வீட்டின் நிலவறையில் இருந்த கோப்புகளைத் தம்முடன் கருத்து மாறுபட்ட ஆய்வாளர்களும் பார்க்க அனுமதித்தார். 2002 இல் இவர் இறந்தபின் இச்சேகரிப்பு பிரெடரிக் நகரில் உள்ள ஹூட் கல்லூரிக்குச் சென்றது. மேகரின் தாள்களும் இக்கல்லூரியிலேயே உள்ளன.

மேரி ஃபெரல் - டல்லாஸ் நகரில் சட்ட அலுவலகச் செயலராகப் பணியாற்றியவர். கொலை நடந்த நாளிலிருந்தே நாளிதழ்களின் பதிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார். கொலையுடன் தொடர்புடைய ஒவ்வொருவரின் பெயருக்கும் தனித்தனிக் குறிப்பட்டைகளையும், ஆஸ்வால்டின் வாழ்க்கை குறித்த விரிவான கால வரிசைகளையும் உருவாக்கினார். 2004 இல் இறந்தார். இவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை இவரது சேகரிப்பை இணையத்தில் வெளியிட்டு வருகிறது.

இவர்களைத் தவிர, டெக்சாஸின் மிட்லோத்தியன் என்னும் சிற்றூரில் வார இதழ் நடத்திய பென் ஜோன்ஸ் போன்றோரின் தாள்கள் வேக்கோ நகரின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வாசிங்டனில் 1984 இல் பெர்னார்டு ஃபென்ஸ்டர்வால்டு, ஜேம்ஸ் லீசர் ஆகிய வழக்கறிஞர்கள் தொடங்கிய படுகொலை ஆவணங்கள் மற்றும் ஆய்வு மையமும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

அழிந்துபோன ஆவணங்கள்

பாதுகாப்புப் பணியின் தேவையை உணர்த்துவன, மீட்க முடியாமல் அழிந்துபோனவையே. அவற்றுள் சில வருமாறு:

1. பிரேதப் பரிசோதனைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் ஜேம்ஸ் ஹியூம்ஸ், 1963 நவம்பர் 24 அன்று தம் வீட்டில் தொடக்கநிலைக் குறிப்புகளை எரித்தார். இதனை அவரே ஆணையத்திடம் தெரிவித்தார்.

2. எஃப். பி. ஐ. எனப்படும் நடுவண் புலனாய்வுப் பிரிவின் டல்லாஸ் அலுவலகத்தில், கொலைக்குச் சில வாரங்களுக்கு முன் ஆஸ்வால்ட் நேரில் வந்து கொடுத்துச் சென்ற கடிதம், அவர் இறந்தபின் மேலதிகாரியின் உத்தரவின்படி கிழித்து அழிக்கப்பட்டது. இச்செய்தி 1975 இல்தான் வெளிவந்தது. வாரன் ஆணையம் இதனை அறிந்திருக்கவில்லை.

3. ஆஸ்வால்ட் பற்றித் தரைப்படை உளவுத்துறை வைத்திருந்த கோப்பு, வழக்கமான பழந்தாள் அழிப்பின் ஒரு பகுதியாக 1973 இல் அழிக்கப்பட்டது.

4. கென்னடியின் 1963 ஆம் ஆண்டுப் பயணங்கள் சிலவற்றின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய அறிக்கைகளை, குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் துறை 1995 சனவரியில் அழித்தது. ஆவணங்களை அழிப்பதைத் தடை செய்யும் சட்டம் அப்போது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.

5. பரிசோதனைக்காகப் பாதுகாக்கப்பட்ட கென்னடியின் மூளை, 1966 இல் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு மாற்றப்பட்ட பொருட்களிடையே காணப்படவில்லை.

மேற்கூறியவற்றுள் சில கவனக்குறைவாலும், சில வழக்கமான அலுவலக நடைமுறையாலும், சில அலுவலகத்தின் நற்பெயரைக் காக்கும் நோக்குடனும் நிகழ்ந்தவை. ஆவணம் அழிந்தபின் இம்மூன்றையும் பிரித்தறிவது கடினம். அதனால் ஒவ்வோர் அழிவும் புதிய ஐயங்களுக்கு வித்திட்டது.

மாறாக, அழிவிலிருந்து தப்பியவையும் உள. நியூ ஓர்லியன்சு மாவட்ட வழக்கறிஞர் ஜிம் கேரிசன் தொடுத்த சதி வழக்கில் கிளே ஷா என்பவர் 1969 இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். இவ்வழக்கு தொடர்பான பெரு நடுவர் குழுவின் சாட்சியப் பதிவுகளை எரித்துவிடுமாறு கேரிசனுக்குப் பின்வந்த நிருவாகம் பணித்தது. அப்பணி ஒப்படைக்கப்பட்ட ஊழியர் அவற்றை எரிக்காமல் தம்மிடமே வைத்திருந்தார். பல ஆண்டுகளின் பின் 1995 இல் அவை செய்தியாளர் ஒருவர் வழியாக ஆவண மீளாய்வு வாரியத்தை வந்தடைந்தன.

1992 ஆம் ஆண்டின் ஆவணத் தொகுப்புச் சட்டம்

1991 டிசம்பரில் வெளியான ஆலிவர் ஸ்டோனின் ஜே. எஃப். கே. திரைப்படம், சிறப்புக் குழுவின் கோப்புகள் 2029 வரை மூடப்பட்டுள்ளன என்னும் செய்தியை மக்களிடையே பரப்பியது. இதையடுத்து எழுந்த கோரிக்கைகளின் விளைவாக ஆவணத் தொகுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 1992 அக்டோபர் 26 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷினால் கையொப்பமிடப்பட்டது. இச்சட்டத்தின் முதன்மைக் கூறுகள்:

1. கொலை தொடர்பான எல்லா ஆவணங்களும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரே தொகுப்பாக வைக்கப்பட வேண்டும்.

2. ஒவ்வோர் ஆவணமும் உடனடியாக வெளியிடப்பட வேண்டியது என்பதே தொடக்க நிலைப்பாடு. மறைக்க விரும்பும் துறையே அதற்கான தெளிவான காரணத்தைக் காட்ட வேண்டும்.

3. ஆவணங்களை அழிப்பதும் மாற்றுவதும் தடை செய்யப்படுகின்றன.

4. 25 ஆண்டுகளுக்குள், அதாவது 2017 அக்டோபர் 26-க்குள், குடியரசுத் தலைவர் எழுத்துமூலம் தடுத்தாலன்றி, அனைத்தும் முழுமையாக வெளியிடப்பட வேண்டும்.

இச்சட்டத்தின் கீழ் ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட ஆவண மீளாய்வு வாரியம், ஜான் டன்ஹைம் தலைமையில் 1994 இல் பணியைத் தொடங்கி 1998 செப்டம்பர் 30 வரை செயற்பட்டது. கொலையாளி யார் எனக் கண்டறிவது இவ்வாரியத்தின் பணி அன்று. ஆவணங்களைத் தேடிக் கண்டுபிடித்து வெளியிடுவதே அதன் பணி. அரசுத் துறைகளுடன் நின்றுவிடாமல், தனியார் வீடுகளில் இருந்த தாள்களையும் வாரியம் கேட்டுப் பெற்றது.

இவ்வாறு பெறப்பட்டவற்றுள் வாரன் ஆணையத்தின் தலைமை வழக்கறிஞர் ஜே. லீ ரேங்கினின் தாள்கள் குறிப்பிடத்தக்கவை. ஆணைய உறுப்பினராக இருந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெரால்டு ஃபோர்டு, அறிக்கையின் வரைவில் கையால் செய்த திருத்தம் ஒன்று இத்தாள்களில் காணப்பட்டது. குண்டு முதுகில் நுழைந்தது எனக் குறித்திருந்த தொடரை, கழுத்தின் பின்புறத்தில் நுழைந்தது என அவர் மாற்றியிருந்தார். 1997 இல் இது வெளியானபோது, தெளிவுக்காகவே அவ்வாறு திருத்தியதாக ஃபோர்டு விளக்கமளித்தார். ஒரே குண்டு இருவரைத் துளைத்தது என்னும் கோட்பாட்டுக்குக் காயத்தின் இடம் முக்கியமானது என்பதால், இத்திருத்தம் பெரிதும் விவாதிக்கப்பட்டது.

அடையாள எண் முறை

தொகுப்பில் உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் அடையாளப் படிவம் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. இதில் 13 இலக்க எண் ஒன்று, மூன்று, ஐந்து, ஐந்து எனப் பிரித்து எழுதப்படும். முதல் மூன்று இலக்கங்கள் ஆவணம் எத்துறையிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 104 என்பது சி. ஐ. ஏ. எனப்படும் நடுவண் ஒற்று முகமையையும், 124 என்பது நடுவண் புலனாய்வுப் பிரிவையும், 180 என்பது கீழவைச் சிறப்புக் குழுவையும் குறிக்கும். ஆவணத்தின் நாள், அனுப்புநர், பெறுநர், பக்க எண்ணிக்கை, வெளியீட்டு நிலை ஆகியவையும் படிவத்தில் இடம்பெறும். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய பதிவுகள் ஒரு தரவுத்தளமாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

இம்முறையின் பயன் எளிமையானது. ஒரே கடிதத்தின் படிகள் பல துறைகளின் கோப்புகளில் இருக்கக்கூடும். ஒரு துறை மறைத்த வரியை மற்றொரு துறை மறைக்காமல் விட்டிருக்கலாம். எண்களைக் கொண்டு இப்படிகளை அருகருகே வைத்து ஒப்பிடும்போது விடுபட்ட சொற்கள் வெளிப்படுகின்றன. அதேபோல, அடுத்தடுத்த வெளியீடுகளில் ஓர் ஆவணம் எவ்வாறு படிப்படியாகத் திறக்கப்பட்டது என்பதையும் அறியலாம்.

திரைப்படச் சுருளும் சான்றுப்பொருட்களும்

கொலை நிகழ்ந்த கணத்தைப் பதிவு செய்த படச்சுருள், ஆபிரகாம் சப்ரூடர் என்னும் ஆடை வணிகரால் 8 மில்லிமீட்டர் ஒளிப்படக்கருவியில் எடுக்கப்பட்டது. 486 படச்சட்டங்களைக் கொண்ட இது 26 நொடிகளுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். லைஃப் இதழ் இதனை 150,000 டாலருக்கு வாங்கியது. தொலைக்காட்சியில் நாடு முழுவதற்கும் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது 1975 மார்ச் மாதத்தில்தான். அவ்வாண்டிலேயே இதழ் இச்சுருளை ஒரு டாலருக்குக் குடும்பத்தாரிடம் திருப்பியளித்தது. மீளாய்வு வாரியம் இதனைக் கொலை ஆவணமாக அறிவித்து அரசுடைமை ஆக்கியதைத் தொடர்ந்து, 1999 இல் நடுவர் குழு குடும்பத்தாருக்கு 1 கோடியே 60 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மூலச்சுருள் தேசிய ஆவணக் காப்பகத்தில் குளிரூட்டப்பட்ட சூழலில் வைக்கப்பட்டுள்ளது. இதன் பதிப்புரிமை டல்லாஸில் உள்ள ஆறாம் தள அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. 1989 இல் திறக்கப்பட்ட இவ்வருங்காட்சியகம், நேரில் கண்டவர்களின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகவும் பதிவு செய்து வருகிறது.

குண்டுத் துண்டுகளைப் பொறுத்தவரை, மூலப்பொருளை அடிக்கடி கையாளாமல் ஆராயும் பொருட்டு, 2019 இல் தேசிய நியமங்கள் மற்றும் தொழினுட்ப நிறுவனம் அவற்றை முப்பரிமாண முறையில் நுணுக்கமாகப் படியெடுத்தது.

எண்ணிமமாக்கல்

தொடக்கத்தில் இத்தாள்களைப் பார்க்க விரும்புபவர் மேரிலாந்தின் காலேஜ் பார்க் நகரிலுள்ள காப்பகத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது. 1990-களின் இறுதியில் மென்பொருளாளரான ரெக்ஸ் பிராட்ஃபோர்டு, விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளையும் தொகுதிகளையும் வருடியின் மூலம் படியெடுத்து இணையத்தில் இடத் தொடங்கினார். பின்னர் இவர் மேரி ஃபெரல் அறக்கட்டளையில் இணைந்து அப்பணியை விரிவாக்கினார். அதன் தளத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் உள்ளன. ஆய்வாளர்கள் நடத்திப் பின் நின்றுபோன சிற்றிதழ்களும் அவற்றுள் அடங்கும். ஹூட் கல்லூரியும் வைஸ்பெர்க்கின் தாள்களை எண்ணிம வடிவில் வெளியிட்டுள்ளது.

மங்கிய தட்டச்சுப் படிகள், கையெழுத்துக் குறிப்புகள், பலமுறை நகலெடுக்கப்பட்ட தாள்கள் ஆகியவற்றை எழுத்துணரி மென்பொருள் பிழையாகவே படிக்கிறது. ஒரு பெயர் தவறாக உணரப்படின், அப்பெயரைத் தேடுபவருக்கு அவ்வாவணம் இல்லாததற்கு ஒப்பாகும். ஆகையால் மேகர், ஃபெரல் ஆகியோர் கையால் உருவாக்கிய அடைவுகள் கணினித் தேடல் வந்தபின்னும் பயனிழக்கவில்லை.

பாதுகாப்பின் விளைவுகள்

பாதுகாக்கப்பட்ட சான்றுகள் சதிக் கோட்பாடுகளை வலுப்படுத்தவும் மறுக்கவும் பயன்பட்டுள்ளன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டல்லாஸ் காவல்துறையின் வானொலிப் பதிவாகும். கொலை நேரத்தில் காவலர் ஒருவரின் ஒலிவாங்கி திறந்தபடி இருந்ததாகவும், அதில் துப்பாக்கி ஒலிகள் பதிந்திருக்கலாம் எனவும் மேரி ஃபெரல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிறப்புக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். அப்பதிவின் ஒலியியல் பகுப்பாய்வே, சதி இருந்திருக்கலாம் என்ற குழுவின் முடிவுக்கு முதன்மை அடிப்படையாயிற்று. பின்னர் அப்பதிவின் படி ஒன்று இதழ் ஒன்றுடன் இசைத்தட்டாக வழங்கப்பட்டது. அதனைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஒகையோ மாநில இசைக்கலைஞர் ஒருவர், துப்பாக்கி ஒலிகள் எனக் கருதப்பட்ட இடத்தில், மற்றோர் அலைவரிசையில் பேசப்பட்ட சொற்கள் மெலிதாகக் கேட்பதைக் கண்டார். அச்சொற்கள் சுடப்பட்டபின் ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துப் பேசப்பட்டவை. இதனைத் தொடர்ந்து ஆராய்ந்த தேசிய அறிவியல் கழகக் குழு, அவ்வொலிகள் துப்பாக்கி ஒலிகள் அல்ல என 1982 இல் அறிவித்தது. இம்முடிவும் பின்னர் மறுத்துரைக்கப்பட்டு விவாதம் தொடர்ந்தது. பொதுமக்களிடம் படி இல்லாதிருந்தால் இம்மறுப்பு எழுந்திருக்க வாய்ப்பில்லை.

மூலப் பதிவு அழிந்தும் துணைப் பதிவு எஞ்சிய நிகழ்வும் உண்டு. 1963 நவம்பர் 23 காலையில் குடியரசுத் தலைவர் ஜான்சனும் எஃப். பி. ஐ. தலைவர் எட்கர் ஹூவரும் நிகழ்த்திய தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவில், ஏறத்தாழ 14 நிமிடங்களுக்கு வெறும் இரைச்சலே உள்ளது. ஆனால் அவ்வுரையாடலின் தட்டச்சுப் படி எஞ்சியுள்ளது. மெக்சிக்கோ நகரிலுள்ள சோவியத் தூதரகத்தில் ஆஸ்வால்டின் பெயரைப் பயன்படுத்தியவரின் குரலும் படமும் ஆஸ்வால்டுடன் பொருந்தவில்லை என ஹூவர் கூறியது அதில் பதிவாகியுள்ளது. அத்தகைய ஒலிநாடா எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை எனப் பின்னர் அதிகாரிகள் மறுத்தனர்.

2017-க்குப் பிந்தைய வெளியீடுகள்

சட்டம் விதித்த இறுதி நாளான 2017 அக்டோபர் 26 அன்று 2,891 ஆவணங்கள் வெளியாயின. எனினும் உளவுத்துறைகளின் வேண்டுகோளை ஏற்று, எஞ்சியவற்றின் வெளியீட்டைக் குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்ப் ஒத்திவைத்தார். ஜோ பைடன் ஆட்சியில் 2021 டிசம்பரில் 1,491 ஆவணங்களும், 2022 டிசம்பரில் 13,173 ஆவணங்களும் வெளியிடப்பட்டன. காலம் தாழ்த்துவதை எதிர்த்து மேரி ஃபெரல் அறக்கட்டளை 2022 இல் வழக்குத் தொடுத்தது. 2025 சனவரியில் டிரம்ப் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, 2025 மார்ச் 18 முதல் பல்லாயிரம் பக்கங்கள் மறைப்புகள் நீக்கப்பட்டு வெளியிடப்பட்டன. அவசரமாக நிகழ்ந்த இவ்வெளியீட்டில், நாடாளுமன்றக் குழுக்களின் முன்னாள் ஊழியர்கள் பலரின் சமூகப் பாதுகாப்பு எண்களும் மறைக்கப்படாமல் வெளியாகிக் கண்டனத்துக்கு உள்ளாயின.

இக்காலத்து வெளியீடுகளுள் ஜார்ஜ் ஜோவானிடீஸ் என்னும் உளவு அதிகாரியின் கோப்பு முக்கியமானது. இவர் 1978 இல் சிறப்புக் குழுவுக்கும் நடுவண் ஒற்று முகமைக்கும் இடையே தொடர்பு அலுவலராக இருந்தார். 1963 இல் கியூபாவிலிருந்து வெளியேறிய மாணவர் இயக்கம் ஒன்றை இவரே கண்காணித்து வந்தார் என்பது குழுவிடம் மறைக்கப்பட்டது. அவ்வியக்கத்தின் உறுப்பினர்கள்தாம் அவ்வாண்டு ஆகஸ்டில் நியூ ஓர்லியன்சு வீதியில் ஆஸ்வால்டுடன் மோதியவர்கள். செய்தியாளர் ஜெஃபர்சன் மோர்லி இவரது கோப்புகளைக் கேட்டு 2003 இல் வழக்குத் தொடுத்திருந்தார். 2025 சூலையில் வெளியான தாள்கள், மாற்றுப் பெயரில் இயங்கியவர் ஜோவானிடீஸே என்பதை உறுதி செய்தன. இது சதியை நிறுவுவதாகாது. ஆனால் நாடாளுமன்றக் குழு ஒன்று, தான் விசாரிக்க வேண்டிய ஒருவர் வழியாகவே ஆவணங்களைப் பெற்றுவந்தது என்பதை இது காட்டுகிறது.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

அரசுத் தாள்களைக் காக்கச் சட்டம் இருப்பதுபோல், தனிநபர் சேகரிப்புகளைக் காக்கச் சட்டம் இல்லை. முதல் தலைமுறை ஆய்வாளர்களுள் பெரும்பாலோர் காலமாகிவிட்டனர். அவர்களின் நேர்காணல் ஒலிநாடாக்கள், கடிதங்கள், ஓரக்குறிப்புகள் முதலியன வாரிசுகளின் அக்கறையையும், ஏற்றுக்கொள்ளும் நூலகத்தின் இட வசதியையும் பொறுத்தே நிலைக்கின்றன. காந்த நாடாக்கள் காலப்போக்கில் ஒலியை இழக்கின்றன. இணையத்தளங்களும் நடத்துபவரின் மறைவுடன் நின்றுபோகக் கூடியவை. ஆகையால் ஒரே சேகரிப்பின் படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தலும், எத்தாள் யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்னும் விவரத்தைத் தாளுடன் இணைத்தே காத்தலும் இன்றியமையாதவை எனக் கருதப்படுகின்றன. கிடைத்த வழி தெரியாத ஆவணம், உண்மையானதாக இருப்பினும், சான்றாக ஏற்கப்படுவது அரிது.